மீன் தொட்டிக்குள்ள பாறை பேக்ரவுண்ட் வைக்கச் சொன்னா அவசரப்படாதீங்க

பாளையங்கோட்டையில இருக்கேன். போன மே லீவுல மகளுக்காக மூணு அடி மீன் தொட்டி வாங்கினேன். கடை ஜங்ஷன் பக்கம். பேர் போடல, நடந்ததை மட்டும் எழுதுறேன்.

தொட்டி, ஃபில்டர், லைட் எல்லாம் சேர்த்து 7,500 ரூபாய். பின்கண்ணாடிக்கு வெளியே ஒட்டுற, அடிக் கணக்குல விக்கிற படத்தாள் போதும்னுதான் போனேன். "அண்ணாச்சி, உள்ளயே த்ரீ-டி பேக்ரவுண்ட் வச்சுத் தாரேன், குத்தாலத்துப் பாறை கணக்கா இருக்கும்"னாரு கடைக்காரர். அதுக்குத் தனியா 4,500. "யப்பா, அதுதான் வேணும்"னு மகளும் நின்னுட்டா.

ரெண்டு இஞ்ச் தெர்மாகோலைச் செதுக்கி, மேல சிமெண்டும் பெயிண்டும் பூசின பலகை அது. மதியம் சிலிக்கான் வச்சு ஒட்டினாங்க. சாயங்காலமே தண்ணி நிரப்பி, பத்து கோல்ட்ஃபிஷ்ஷை விட்டுட்டுப் போயிட்டாங்க. புளிச்ச வாடை வீடு முழுக்க. கேட்டதுக்கு, "ரெண்டு நாள்ல போயிரும்". அந்த வாடை இருக்கிற வரைக்கும் சிலிக்கான் காயலன்னு அர்த்தம், எனக்குப் பிறகுதான் தெரிஞ்சுது.

மறுநாள் ராத்திரி பலகை பிச்சுக்கிட்டு மேல வந்துட்டு. அவ்வளவு பெரிய தெர்மாகோல், செதுக்கினது போக பதினஞ்சு லிட்டர் தண்ணியையாவது விலக்கும். அப்போ ஏறக்குறைய பதினஞ்சு கிலோ விசையோட மேல தள்ளும். காயாத பசை எப்படித் தாங்கும்? மூணு மீன் பலகைக்கும் கண்ணாடிக்கும் நடுவுல நசுங்கிக் கிடந்துச்சு. மகள்தான் முதல்ல பார்த்தா.

மூணாம் நாள் மிச்சம் ரெண்டே மீன்.

அவங்க விட்டுட்டுப் போன சிலிக்கான் டியூபை எடுத்துப் படிச்சேன். பாத்ரூமுக்கானது, பூஞ்சை பிடிக்காம மருந்து கலந்தது. அந்த மருந்து மீனுக்கு விஷம். சிமெண்டுக்கும் காரம் உண்டு. புதுச் சிமெண்ட் தொட்டியில வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊற வச்சு, பல தண்ணி மாத்தின பிறகுதானே மீன் விடுவாங்க? சோதிச்சுப் பார்த்தா குழாய்த் தண்ணியில பிஎச் (தண்ணியோட அமில-காரத் தன்மையைக் காட்டுற அளவு, 7-க்கு மேல ஏற ஏறக் காரம்) 7.5, தொட்டியில 9 கிட்ட. மீன் கழிவுல வர்ற அம்மோனியா காரத் தண்ணியில இன்னும் கடுமையாகும். அந்த அம்மோனியாவைத் தீங்கு குறைஞ்சதா மாத்துற பாக்டீரியா ஃபில்டர்ல பிடிக்கவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும். இங்க ஒரே நாள்ல பத்து மீன்!

கடைக்குப் போனா, "உங்க வீட்டுத் தண்ணி சரியில்ல அண்ணாச்சி"ங்காரு. செத்த மீனை விட இதுதான் எனக்கு வயிறெரிஞ்சுது. அதே தாமிரபரணித் தண்ணியை ஒருநாள் பிடிச்சு வச்சு, பக்கத்து வீட்டு அக்கா வருஷக்கணக்கா கப்பி மீன் வளர்க்காங்க.

பில் கேட்டு வாங்காதது என் தப்பு. துண்டுச்சீட்டுல "மீன் தொட்டி செட்"னு மட்டும் எழுதித் தந்தாரு. 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசணும்னாலும் கையில பில் இருந்தாத்தான் பலம். பசையோட பேர், பலகை என்ன பொருள், ரெண்டையும் பில்லுல எழுதி வாங்குங்க.

இப்போ பிளேடால சிலிக்கானைச் சுரண்டி எடுத்தாச்சு. தொட்டிக்கு வெளியே கருப்புச் சார்ட் ஒட்டியிருக்கேன், மீன் நிறம் அதுலயே எடுப்பாத் தெரியுது. அந்தப் பலகையும் டியூபும் மொட்டைமாடியில இருக்கு. வாங்கப்போறவங்க யாராவது பார்க்கணும்னா வாங்க, காட்டுறேன்.