இரட்டையாகப் பிறக்கும் பெருவிண்மீன்கள்: ஆல்மாவா, விஎல்ஏவா?

காலாப்பட்டில் இயற்பியல் முதுகலை படிக்கும் தம்பி தங்கைகள் புராஜெக்டுக்குத் தலைப்பு தேடும்போது கேட்பது இது: இரட்டை விண்மீன்களின் பிறப்பைப் பார்க்க ஆல்மா, விஎல்ஏ என்ற இரண்டு ரேடியோ தொலைநோக்கி வரிசைகளில் எதன் தரவை எடுப்பது? பெருநிறை விண்மீன்கள் பெரும்பாலும் ஜோடியாகத்தான் இருக்கின்றன. பிறக்கும் இடத்தைத் தூசு மூடியிருப்பதால் ரேடியோ அலைதான் நல்ல வழி.

நியூ மெக்சிகோவின் விஎல்ஏவில் 27 ஆன்டெனாக்கள், சென்டிமீட்டர் அலைகள். அயனி வாயுவும் இளம் விண்மீன் கக்கும் தாரைகளும் நன்றாகத் தெரியும். தாரைதான் உங்கள் ஆர்வம் என்றால் யோசிக்கவே வேண்டாம், இதுதான்.

சரி, ஜோடியாகத் தெரியும் இரண்டு விண்மீன்களும் ஒன்றையொன்று சுற்றுகின்றனவா? அதற்கு வேகம் தெரிய வேண்டும். அங்கே என் ஓட்டு ஆல்மாவுக்கு. சிலியில் 5,000 மீட்டர் உயரத்தில் 66 ஆன்டெனாக்கள், மில்லிமீட்டர் அலைகள். சுமார் 5,500 ஒளியாண்டு தொலைவில் விண்மீன்கள் பிறக்கும் இடமான ஐராஸ் 07299-1651ஐப் பாருங்கள். 2019இல் வெளியான ஆய்வில், 180 வானியல் அலகு இடைவெளியில் இரண்டு விண்மீன்களை ஆல்மா பிரித்துக் காட்டியது. அதாவது சூரியன்–நெப்டியூன் தூரத்தைப் போல ஆறு மடங்குதான். ஹைட்ரஜன் நிறமாலைக் கோட்டின் டாப்ளர் பெயர்ச்சியை (வேகத்தால் அலைநீளம் மாறுவதை) வைத்து, சுற்றுக்காலம் அதிகபட்சம் 600 ஆண்டு, மொத்த நிறை குறைந்தது 18 சூரியன் என்று கணக்கிட்டார்கள். எவ்வளவு அழகான வேலை!

இரண்டு தொலைநோக்கிகளின் பழைய தரவுகளும் இணையத்தில் இலவசம், தரவைப் படமாக்க உதவும் காசா மென்பொருளும் இரண்டுக்கும் பொது. ஆல்மா கோப்புகள் பெரியவை. ஹார்ட் டிஸ்கில் இடம் பார்த்துக்கொண்டு இறக்குங்கள்.