தொழிற்சங்க அரசியல் நிதி: காசு கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் ரசீதைப் பார்த்த பிறகு. 1926 தொழிற்சங்கச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, வேட்பாளரின் தேர்தல் செலவு, பிரசுரம், அரசியல் கூட்டம் போன்றவற்றுக்குத் தனி நிதி வைக்கச் சொன்னது. தனி வசூல், தனிக் கணக்கு. கட்ட மறுப்பவரின் சலுகைகளில் கை வைக்க முடியாது. அந்த நிதியின் நிர்வாகத்தில் மட்டும் அவருக்கு இடமில்லாமல் போகலாம். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2020 தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இந்த நிதிக்குக் கட்டியாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

கோளாறு நடைமுறையில்தான். மாதச் சந்தாவோடு ஒரே ரசீதில் சேர்த்து வாங்கிவிட்டால், எது எங்கே போனது என்று பிறகு பிரிக்கவே முடியாது. இரண்டு ரசீது கேளுங்கள். ஆண்டுக் கணக்கில் அரசியல் நிதி தனியாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பது உறுப்பினரின் உரிமை. யாருடைய தயவும் வேண்டாம்.

பலன்? 2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறிய 12 மணி நேர வேலை மசோதாவைத் தொழிற்சங்கங்கள் ஒன்றுதிரண்டு எதிர்த்தன. மூன்றே நாளில் நிறுத்திவைப்பு, மே 1 அன்று வாபஸ் அறிவிப்பு. தனியாளாக மனு போட்டு இதைச் சாதிக்க முடியாது.

பெரிய குறை ஒன்று: கட்சி சார்ந்த சங்கத்தில், தன் கட்சி ஆட்சிக்கு வந்ததும் குரல் இறங்கும் அபாயம் உண்டு. பணம் கட்டும் முன், ஆளுங்கட்சியை எதிர்த்து அந்தச் சங்கம் கடைசியாக எப்போது தெருவில் இறங்கியது என்று பொதுக்குழுவில் கேளுங்கள்.