அலாய் வீல் நல்லா இருக்கு, ஆனா "அப்படியே பொருந்தும்"னு போட்டிருந்ததுல பாதிதான் உண்மை (3/5)

நாலு அலாய் ஆன்லைன்ல வாங்கி மூணு மாசம் ஓட்டியாச்சு. ஃபினிஷிங் சூப்பர், பெயிண்ட் அப்படியே இருக்கு, வீல்ல ஒரு குறையும் இல்ல. ஸ்டார் குறைச்சதுக்கு காரணம் வேற.

விக்கிறவங்க பார்த்தது பிசிடி, அதாவது நட்டு ஓட்டைங்க நிக்கிற வட்டத்தோட அளவு மட்டும்தான். 4×100, அதாவது நாலு ஓட்டை, 100 மி.மீ. வட்டம், அது சரிதான். ஆனா வீலோட நடு ஓட்டை 73.1 மி.மீ., என் வண்டி ஹப் (வீலோட நடு ஓட்டைக்குள்ள போற வண்டியோட நடுப்பகுதி) 54.1, சுத்தி சுண்டுவிரல் அகலத்துக்கு இடைவெளி நிக்குது, அத அடைக்கிற ரிங்கும் டப்பால இல்ல. 80 தாண்டுனா ஸ்டியரிங் நடுங்குச்சு. பேலன்ஸிங்தான்னு நினைச்சு ரெண்டு தடவ போய் பண்ணேன், மிஷின்ல நடு ஓட்டைல கோன் வச்சு பிடிக்கிறதால அங்க எல்லாம் சரியா காட்டுது, வண்டில மாட்டும்போதுதான் நடு தப்பி உக்காருது. 73.1க்கு 54.1 ஹப் ரிங் போட்ட அன்னைக்கே நடுக்கம் நின்னுச்சு.

அதவிட என்னை பயமுறுத்துனது நட்டு. வண்டியோட வந்த அலாய் நட்டு தட்டை வாஷர் வச்சது, புது வீல்ல நட்டு உக்கார்ற குழி கூம்பு மாதிரி. ஃபிட்டிங் பண்ண கடைல பழைய நட்டையே கன் வச்சு ஏத்திட்டாங்க. வீட்டுல ஒண்ண கழட்டி பார்த்தா குழியோட விளிம்புல மட்டும் மெல்லிசா ஒரு பளபள கோடு, உள்ள நட்டு தொடவே இல்ல! இப்படி ஓட்டுனா நட்டு லூஸாகி வீலே கழண்டுடும். அதே எம்12, 1.5 பிட்ச்ல (12 மி.மீ. போல்ட், மரை இடைவெளி 1.5 மி.மீ.) கூம்பு நட்டு வாங்கி, கையாலயே ஏழு சுத்து ஏறுதான்னு எண்ணி பார்த்துட்டு, டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்கம்னு அளந்து காட்டுற ஸ்பேனர்) வச்சு மேனுவல்ல இருக்க அளவுக்கு எதிரெதிரா மாத்தி மாத்தி டைட் பண்ணேன். 80 கிமீ ஓடுன பிறகு திரும்ப வச்சா ரெண்டு நட்டு இன்னும் கொஞ்சம் ஏறுச்சு, அதனால அந்த ரெண்டாவது செக்க விட்டுடாதீங்க.

ஆஃப்செட்டும் பாருங்க, அதாவது வீல் அகலத்தோட நடுக்கோட்டுல இருந்து ஹப்ல ஒட்டுற முகம் எத்தன மி.மீ. தள்ளி இருக்குன்னு. பழசு 5.5 இன்ச் அகலம், ஆஃப்செட் 45, இது 6.5 இன்ச் அகலம், ஆஃப்செட் 38, அதாவது வெளிய 20 மி.மீ. கிட்ட தள்ளுது, உள்ள 6 மி.மீ. போகுது. எனக்கு ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சும், பின்னாடி மூணு பேர ஏத்தியும் எங்கயும் உரசல.

4×98 வீல தயவுசெஞ்சு 4×100 ஹப்ல மாட்டாதீங்க, 2 மி.மீ. தானேன்னு நட்டு ஏறிடும், ஆனா சாஞ்சு உக்காந்து போல்ட்டுக்குதான் எல்லா பளுவும்.

ரிங்கும் நட்டும் செட்டோட சேர்த்து குடுங்கன்னு விக்கிறவங்களுக்கு எழுதிருக்கேன், குடுத்தா அஞ்சு ஸ்டாரா மாத்திடுறேன்.