கவுண்டர்-ஸ்ட்ரைக் 2: இரண்டு வருஷத்துக்கு மேல் ஆடிய பிறகு, பாலக்காட்டு எல்லையிலிருந்து

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம், ஐந்துக்கு ஐந்து பேர் இணையத்தில் மோதும் துப்பாக்கிச் சண்டை கேமான கவுண்டர்-ஸ்ட்ரைக் ஆடுகிறவர்களிடம் ரெண்டாவது பாகம் எப்படி என்று கேட்டால், பாதிப் பேர் "சிஎஸ்கோவே நல்லா இருந்துச்சு" என்று முந்தைய பாகத்தைச் சொல்வார்கள். அந்தப் பேச்சில் நியாயம் உண்டு. ஆனால் அவர்கள் சொல்லும் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், கேமால் வந்தது கொஞ்சம்தான். மிச்சம் கம்ப்யூட்டராலும் லைனாலும் வந்தது. எது எதனால் என்று பிரிக்காமல் திட்டிக்கொண்டே இருந்தால் எதுவும் சரியாகாது.

சிஎஸ்கோ 2012 ஆகஸ்டில் வந்தது. அதற்கு 2 ஜிபி ரேமும் 15 ஜிபி இடமும் போதும் என்று போட்டிருந்தார்கள். 2023 செப்டம்பர் 27 அன்று ஸ்டீம் கேம் கடையில் அதே இடத்தில் சிஎஸ்2 (ரெண்டாவது பாகம்) வந்து உட்கார்ந்தது. வாங்கிய ஸ்கின்கள் (துப்பாக்கிக்கான அலங்காரங்கள்) அப்படியே வந்தன, பழைய மேப்புகள் சிலவும் வந்தன. அடியில் இருந்த இன்ஜின் மாறிவிட்டது. சோர்ஸ் 2 வந்ததும் குறைந்தபட்சத் தேவை 8 ஜிபி ரேம், 85 ஜிபி இடம், டைரக்ட்எக்ஸ் 11 என்று ஏறியது. 32 பிட் விண்டோஸுக்கும் மேக்குக்கும் கதவு மூடப்பட்டது. பழைய லேப்டாப்பில் நன்றாக ஓடிய கேம் ஒரே ராத்திரியில் திணறியதற்குக் காரணம் இதுதான்.

முதலில் ரேமைப் பாருங்கள். இங்கே வீடுகளில் இருக்கும் பெரும்பாலான லேப்டாப்புகள் 8 ஜிபி, அதுவும் ஒரே ஸ்டிக். பெயருக்குத் தேவை பூர்த்தியாகிவிடும், ஆட்டத்தில் ஆகாது. சராசரி 90 ஃப்ரேம் (செகண்டுக்குத் திரையில் வரும் படங்கள்) காட்டும். இரண்டு ஸ்மோக்கும் (புகைக்குண்டு) ஒரு மாலட்டாவும் (தீக்குண்டு) சேர்ந்து விழுந்த இடத்தில் 40க்கு இறங்கும். சுடவேண்டிய நேரமும் அதுவேதான். அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி ஸ்டிக் போட்டு டூயல் சேனல் ஆக்கினால் அந்தக் குழி பெரிதும் நிரம்பிவிடும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் வித்தியாசம் இன்னும் அதிகம், ஏனென்றால் உள்ளிருக்கும் கிராஃபிக்ஸும் அதே ரேமைத்தான் பயன்படுத்துகிறது. டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்) ஆனில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். 3200 என்று வாங்கிய ரேம் 2133இல் ஓடிக்கொண்டிருப்பது நிறைய மெஷின்களில் உண்டு. கேம் ஹார்ட் டிஸ்கில் இருந்தால் எஸ்எஸ்டிக்கு மாற்றாமல் வேறு எதையும் குறை சொல்ல வேண்டாம்.

அடுத்தது சூடு. மார்ச் முதல் மே வரை பாலக்காட்டுக் கணவாயின் வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. ஓட்டு வீட்டு மாடி அறையில் சாயங்காலம் ஆறு மணிக்கும் அனல் இறங்காது. லேப்டாப்பில் சிபியுவும் கிராஃபிக்ஸும் ஒரே ஹீட் பைப்பைப் பகிர்ந்துகொள்வதால், ஃப்ரேமுக்கு வரம்பு வைக்காமல் விட்டால் முதல் பத்து நிமிஷம் அருமையாக ஓடும், பிறகு சூடு தாங்காமல் சிபியு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். "முதல் ஹாஃப் நல்லா ஆடினேன், செகண்ட் ஹாஃப்ல எய்ம் போயிடுச்சு" என்பவர்களில் பலருக்கு எய்ம் எங்கேயும் போகவில்லை. 140இலிருந்து 75க்கு ஃப்ரேம் போயிருக்கிறது. ஸ்கிரீன் 60 ஹெர்ட்ஸ் என்றால் 120இல் வரம்பு வையுங்கள். பின்பக்கத்தை இரண்டு விரல்கடை உயர்த்துங்கள். தென்னந்தோப்புப் பக்கத்து வீடுகளில் ஃபேன் வாயில் தூசி சீக்கிரம் அடையும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊதி எடுக்க வேண்டும்.

செட்டிங்கில் எல்லாவற்றையும் லோவில் வைக்கிற பழைய பழக்கம் இதில் பலிக்காது. நிழல் ஒன்றை மட்டும் ஏற்றி வைக்க வேண்டும். மூலைக்கு அப்பால் நிற்பவனுடைய நிழல் ஆளுக்கு முன்னால் தரையில் வந்துவிடும். குளோபல் ஷேடோவை ஹையிலும் டைனமிக் ஷேடோஸை ஆலிலும் வையுங்கள். மெஷின் தாங்காவிட்டால் ஷேடோவை மீடியத்துக்கு இறக்கலாம். டெக்ஸ்சர், ஷேடர், பார்ட்டிகிள் எல்லாம் லோ போதும். ஆம்பியன்ட் அக்லூஷன் ஆஃப். பூஸ்ட் பிளேயர் கான்ட்ராஸ்ட் ஆன். எஃப்எஸ்ஆர் (படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கும் வசதி) வைத்தால் ஃப்ரேம் ஏறும், தூரத்துத் தலை மங்கும். வேறு வழியே இல்லாத மெஷினுக்கு மட்டும் அது. பெரிய அப்டேட்டோ கிராஃபிக்ஸ் டிரைவரோ போட்ட பிறகு முதல் சில ரவுண்டுகள் விக்கி விக்கி ஓடும், ஷேடர்கள் (காட்சியை வரையும் சிறு நிரல்கள்) புதிதாகத் தயாராகின்றன. ஒரு டெத்மேட்ச் (பயிற்சி மோட்) ஆடிவிட்டு மேட்சுக்குப் போனால் சரியாகும். அந்த விக்கலுக்குப் பயந்து ஷேடர் கேஷை அடிக்கடி அழிக்காதீர்கள், அழிக்க அழிக்க விக்கல்தான் திரும்ப வரும்.

இனி லைன். கேமை உருவாக்கிய வால்வின் சர்வர் சென்னையிலும் மும்பையிலும் இருக்கிறது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து சென்னை சுமார் 500 கிலோமீட்டர். ஃபைபருக்குள் ஒளி போய்வர வெறும் 5 மில்லி செகண்ட். மும்பை சுமார் 1,300 கிலோமீட்டர், போய்வர 13. ஸ்கோர்போர்டில் பிங் (தகவல் போய்வரும் நேரம்) 45, 50 என்று தெரிந்தால் மிச்சமெல்லாம் பாதை சுற்றுவதால் வருவது. கேரளப் பக்கத்து இணைப்பு கொச்சி வழியாக மும்பை போய் அங்கிருந்து சென்னைக்குத் திரும்பலாம். எல்லை தாண்டி கோபாலபுரத்தில் எடுத்த இணைப்பு கோயம்புத்தூர் வழியாக நேராகச் சென்னை போகலாம். அதனால் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நண்பனின் பிங்கைப் பார்த்து உங்கள் பிங்கை எடைபோட வேண்டாம். மேக்ஸிமம் மேட்ச்மேக்கிங் பிங்கை 70க்குள் வையுங்கள். 150இல் விட்டால் ராத்திரி பன்னிரண்டுக்குமேல் சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ தூக்கிப் போட்டுவிடும்.

பிங்கைவிட முக்கியம் பாக்கெட் லாஸ், அதாவது வழியில் தொலைந்துபோகும் தரவு. கேம் செட்டிங்கில் டெலிமெட்ரி பகுதிக்குப் போய் ஃப்ரேம் டைம், பிங், பாக்கெட் லாஸ் மூன்றையும் எப்போதும் தெரியும்படி வைத்தால், எந்தக் கோளாறு யாருடையது என்று அரை மேட்சில் தெரிந்துவிடும். லாஸ் வந்தால் முதலில் வைஃபையை விட்டு கேபிளில் வாருங்கள். கேபிளிலும் வந்தால் மோடத்தின் பக்கத்தைத் திறந்து உள்ளே வரும் ஒளியின் அளவைப் பாருங்கள். மைனஸ் 20 டிபிஎம் அளவில் இருந்தால் கவலையில்லை. மைனஸ் 25ஐத் தாண்டினால் ஆபத்து, மைனஸ் 27க்குக் கீழே போனால் சிவப்பு விளக்குதான். நம் பக்கம் ஃபைபர் கரண்டுக் கம்பத்திலும் தென்னை மரத்திலும் தொங்கிக்கொண்டு வருகிறது. ஆடிக் காற்றில் மட்டை விழுந்து கேபிள் அறுந்தால் உடனே தெரியும். அறுபடாமல் மடங்கி மட்டும் இருந்தால் யாருக்கும் தெரியாது. யூடியூப் ஓடும், ஸ்பீடு டெஸ்ட் நூறு காட்டும், கேமில் மட்டும் ஆள் தாவித் தாவி வருவான். அந்த டிபிஎம் எண்ணை ஃபோட்டோ எடுத்துக் காட்டினால் லைன்மேன் வந்து மடங்கிய இடத்தைத் தேடுவார். "லேக் அடிக்குது" என்று மட்டும் சொன்னால் ரீஸ்டார்ட் பண்ணச் சொல்வார்.

அது சரியாகும்வரை கைகொடுக்க, பாக்கெட் லாஸைச் சமன்செய்யும் பஃபரிங் என்ற ஒரு செட்டிங் இருக்கிறது. 1 பாக்கெட் வைத்தால் 15.6 மில்லி செகண்ட் தாமதம் கூடும், தாவல் குறையும். 2 பாக்கெட் வைத்தால் இரட்டிப்புத் தாமதம். லைன் சரியானதும் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

கரண்டு போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும், மோடம் அணைந்துவிடும். அது திரும்ப உயிர்பெற இரண்டு நிமிஷம். அதற்குள் டீம் நாலு பேராக இரண்டு ரவுண்டை இழந்திருக்கும். 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று மோடத்துக்கு அவசியம். அடாப்டரில் 1 ஆம்பியரா 1.5 ஆம்பியரா என்று பார்த்து வாங்குங்கள். ரூட்டர் தனியாக இருந்தால் இரண்டு அவுட்புட் உள்ளதாக வேண்டும். டெஸ்க்டாப் வீட்டு இன்வெர்ட்டரில் இருந்தும் ரீஸ்டார்ட் ஆகிறதென்றால், பின்னால் உள்ள சுவிட்ச் நார்மலில் இருக்கும். அதை யூபிஎஸ்க்கு மாற்றுங்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. யூபிஎஸ் மோடில் வோல்டேஜ் 180க்குக் கீழே இறங்கினாலே பேட்டரிக்குத் தாவும் இன்வெர்ட்டர்கள் அதிகம். மோட்டார் ஓடும் நேரங்களில் வோல்டேஜ் விழும் ஊர்களில் பேட்டரி சீக்கிரம் தீரும்.

இவ்வளவும் சரியான பிறகுதான் கேமைப் பற்றி நேர்மையாகப் பேச முடியும்.

அதிகம் திட்டு வாங்குவது சப்-டிக். சர்வர் செகண்டுக்கு 64 முறை கணக்குப் போடுகிறது. சிஎஸ்கோவில் நடுவில் எப்போது கிளிக் செய்தாலும் அடுத்த கணக்கில்தான் சேரும். இப்போது கிளிக் செய்த நொடியும் சேர்ந்து போகிறது, அந்த நொடிக்கே குண்டு கணக்காகிறது. இது உண்மையிலேயே நல்ல மாற்றம், நிலையாக நின்று சுடும்போது அதன் துல்லியம் தெரிகிறது. சுவருக்குப் பின்னால் வந்த பிறகும் சாகிறோமே என்ற குறைக்கு இது மருந்து இல்லை. எதிரி உங்களைப் பார்ப்பது பழைய இடத்தில். இரண்டு பேருடைய தாமதமும் சேர்ந்து 100 மில்லி செகண்ட் என்று வையுங்கள். ஏகே பிடித்து ஓடும் வேகம் செகண்டுக்கு 215 யூனிட், ஆகவே அதற்குள் 21 யூனிட் நகர்ந்திருப்பீர்கள். ஆளின் அகலமே 32 யூனிட்தான். அதாவது சுவருக்குள் மூன்றில் இரண்டு பங்கு உடம்பு வந்த பிறகும் அவன் திரையில் நீங்கள் வெளியே நிற்கிறீர்கள். ஒளியும்போது விளிம்போடு நிற்காமல் இன்னும் ஓர் ஆள் அகலம் உள்ளே போங்கள். ஒருமுறை சுட்ட இடத்திலேயே காத்து நிற்காதீர்கள்; எட்டிப் பார்க்கிறவனுக்குத்தான் முதல் பார்வை கிடைக்கும்.

ஸ்மோக்கில்தான் இந்தக் கேம் பழையதை விட்டு வெகுதூரம் வந்திருக்கிறது. புகை இப்போது இடத்தை நிரப்புகிறது: கதவு வழியாக வழியும், ஹெச்இ (வெடிகுண்டு) வெடித்தால் நடுவில் பிளந்து சில நொடிகளில் மூடிக்கொள்ளும், குண்டு போன பாதை கோடாகத் தெரியும். மிராஜ் மேப்பில் விண்டோ என்னும் இடத்தை ஸ்மோக் போட்டு மூடினார்கள் என்றால் முன்பு சிடி (காக்கும் அணி) அங்கே கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இப்போது ஒருவர் ஹெச்இ எறிய, இன்னொருவர் ஏடபிள்யூபி ஸ்நைப்பரில் மிட்டை (மேப்பின் நடுவை) பார்த்துத் தயாராக நிற்கலாம். வெடித்த பிறகு ஸ்கோப் போட்டால் தாமதம், முதலிலேயே போட்டிருக்க வேண்டும். 300 கேம் காசில் இவ்வளவு வேலை செய்யும் பொருள் வேறில்லை. ஜம்ப்-த்ரோவுக்குத் தனி பைண்ட் (ஒரே கீயில் பல செயல்களைக் கட்டுவது) தேவையில்லை. குதித்தபடி விட்டால் கேமே நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. 2024 ஆகஸ்டுக்குப் பிறகு பழைய பைண்டுகள் வால்வ் சர்வரில் வேலை செய்வதும் இல்லை. அதே அப்டேட்டில் எதிரெதிர்த் திசைக் கீகளைத் தானே மாற்றிவிடும் ஸ்னாப் டேப் வகைக் கீபோர்டு வசதிகளையும் தடுத்துவிட்டார்கள். புதுக் கீபோர்டு வாங்கினால் அதன் மென்பொருளில் அது ஆஃப் ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் நடு மேட்சில் வெளியே தள்ளிவிடும்.

மேட்ச் முப்பது ரவுண்டிலிருந்து இருபத்துநாலு ஆனதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. மேட்ச் சீக்கிரம் முடிகிறது என்பது நல்லது. ஆனால் பிஸ்டல் ரவுண்டை (கைத்துப்பாக்கியோடு ஆடும் முதல் ரவுண்டை) தோற்று, அடுத்த இரண்டும் போனால் ஒரு பாதியின் பன்னிரண்டில் மூன்று போய்விட்டது. மீள்வதற்கு இடம் குறைவு. காசைக் கணக்கோடு செலவழிப்பதுதான் வழி. ஏகே 2,700, கவசமும் ஹெல்மெட்டும் 1,000, ஸ்மோக் 300, ஃப்ளாஷ் 200, மாலட்டாவ் 400. மொத்தம் 4,600. அவ்வளவு இல்லையென்றால் நாலு பேர் சேமிக்கும்போது ஒருவர் மட்டும் அரைகுறையாக வாங்குவது வீண். தவறி வாங்கினால் வாங்கும் நேரத்துக்குள் திருப்பி விற்க முடிகிறது. பழைய கேமில் இல்லாத இந்தச் சின்ன வசதி நிறைய ரவுண்டைக் காப்பாற்றியிருக்கிறது.

மைக்கில் பேசுவது இந்தப் பக்கத்தில் தனி விஷயம். டீமில் மூன்று பேர் தமிழ், இரண்டு பேர் மலையாளம் என்றால், பதட்டத்தில் ஒருவர் "புறகில், புறகில்" என்று கத்த, கோயம்புத்தூர்க்காரருக்கு அது "பின்னாடி" என்று உறைப்பதற்குள் சுட்டுவிடுவார்கள். "இங்க", "இவிடே" இரண்டுமே உதவாது. மேப்பில் உள்ள இடத்தின் பெயர் முதலில், பிறகு எண்ணிக்கை, பிறகு அடி: "பி டனல், ரெண்டு, ஒருத்தன் லோ." அண்ணா, சேட்டா எல்லாம் ரவுண்டு முடிந்த பிறகு.

கேமின் உண்மையான குறைகளுக்கு வருவோம். டேஞ்சர் ஸோன் என்ற பழைய மோட் போனது போனதுதான். ஆர்ம்ஸ் ரேஸ் மோட்கூட 2024 பிப்ரவரியில்தான் திரும்பியது, இடது கையில் துப்பாக்கி வைக்கும் வசதி ஏப்ரலில். முடிக்காமலே பழையதை எடுத்துவிட்டார்கள் என்ற வருத்தம் நியாயமானது. ஏமாற்று மென்பொருள் வைத்து ஆடும் சீட்டர்கள் பிரச்சினை அதைவிடப் பெரிது. பிரீமியர் என்ற ரேட்டிங் மோடில் 15,000ஐத் தாண்டி ஊதா நிறத்துக்கு வந்த பிறகு சந்தேகப்பட வேண்டிய மேட்சுகள் கூடுகின்றன. வால்வின் சீட்டர் தடுப்பான விஏசி லைவ் சில மேட்சுகளை நடுவிலேயே நிறுத்துகிறது, போதாது. தவறாகத் தடை விழுந்ததும் உண்டு: 2023 அக்டோபரில் ஏஎம்டியின் ஆன்டி-லேக் பிளஸ் டிரைவர் வசதியால் பலர் மாட்டினார்கள். ஏஎம்டி அதைத் திரும்பப் பெற்றது, வால்வ் தடையை நீக்கியது. புது டிரைவர் வந்த அன்றே போட வேண்டாம் என்பதற்கு இது போதும்.

ஸ்கின்னைச் சேமிப்பாக நினைத்து வாங்குகிற தம்பிகளுக்கு ஒன்று: 2025 அக்டோபரில் ஐந்து சிவப்பு ஸ்கின்னைக் கொடுத்துக் கத்தியோ கையுறையோ மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரே அப்டேட்டில் மாற்றியதும் கத்தி விலைகள் சரிந்தன. இன்னொரு அப்டேட் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

புதிதாகப் பிரீமியர் தொடங்குகிறவர்களுக்கு ரேட்டிங் கிடைக்கப் பத்து வெற்றி வேண்டும். அந்தப் பத்தையும் ஐந்து பேராகச் சேர்ந்து, கேபிள் இணைப்பில், மழை இடி இல்லாத நாட்களில் ஆடுங்கள். நடுவில் லைன் போய்த் திரும்ப வர முடியாவிட்டால் முதல் தடவை 30 நிமிஷத் தடை, அடுத்தது 2 மணி நேரம், பிறகு 24 மணி நேரம், பிறகு 7 நாள். ஐப்பசி மழையில் அந்த ஏழு நாளை எட்டியவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள்.