மெய்ப்பு பார்க்க வெளியே கொடுக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

"மூன்று பேர் படித்துப் பார்த்த பிறகுதான் எந்தக் கடிதமும் எங்களிடமிருந்து வெளியே போகும்" என்று உறுதி கொடுத்து வேலையை வாங்கிய ஒரு நிறுவனத்தால், எங்களுக்குப் பணமும் போனது, ஒரு நல்ல வாடிக்கையாளரும் போனார். பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே பாணியில் தொழில் செய்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஒருவரைத் தவிர்த்துவிட்டு இன்னொருவரிடம் மாட்டிக்கொள்வதில் என்ன லாபம்?

நிகழ்ச்சிகளுக்கு மேடை விளக்குகள் வாடகைக்குக் கொடுப்பது எங்கள் தொழில். விளக்கு மட்டும்தான். மைக், ஸ்பீக்கர் எதுவும் எங்களிடம் கிடையாது. எங்களுடைய கொட்டேஷன், ஒப்பந்தக் கடிதம் எல்லாம் பழைய பாமினி எழுத்துருவில் கிடந்தன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றி, பிழை பார்த்து, அழகாக வடிவமைத்து, வாடிக்கையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்புவது வரை அவர்கள் பொறுப்பு. பிழை பார்ப்பதற்கென்று தனிக் கட்டணம் வேறு.

நாங்கள் கொடுத்த கோப்பில் "மேடை ஒளி அமைப்பு" என்று இருந்தது. அவர்கள் அனுப்பிய ஒப்பந்தத்தில் அது "மேடை ஒலி அமைப்பு" ஆகிவிட்டது. அதுவும் எல்லா இடத்திலும் இல்லை. தலைப்பில் ஒளி, கட்டண அட்டவணையில் ஒலி, நிபந்தனைகளில் மறுபடி ஒளி. படித்த வாடிக்கையாளர் இரண்டும் சேர்த்துத்தான் இந்தத் தொகை என்று புரிந்துகொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டார். நிகழ்ச்சிக்கு முந்தைய நாள், "ஸ்பீக்கர் வண்டி எப்ப வரும்?" என்று கேட்டார். எங்கள் மூலக் கோப்பைக் காட்டினோம். "நான் கையெழுத்துப் போட்டது இதுல இல்லையே" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. வெளியே ஸ்பீக்கர் எடுத்து, எங்கள் கைக்காசில் வேலையை முடித்துக் கொடுத்தோம். அதன் பிறகு அவர் எங்களை அழைக்கவில்லை.

நிறுவனத்துக்குப் போன் செய்தால், "சார், ஒரே ஒரு எழுத்துதானே? ஸ்பெல் செக் ஓட விட்டுத்தான் குடுத்தோம், அதுல எதுவும் வரல" என்றார்கள். அந்த மூன்று பேர் யார் என்று அப்போது தெரிந்துபோனது. ஒலியும் சரியான சொல், ஒளியும் சரியான சொல். ஸ்பெல் செக் எதைத்தான் பிடிக்கும்? பணி, பனி, அறை, அரை, குறை, குரை எல்லாமே அப்படித்தான். "உங்கள் குறைகளைத் தெரிவிக்கவும்" என்பதில் ஒரு எழுத்து மாறினால் வாடிக்கையாளரைக் குரைக்கச் சொன்னது போலாகிவிடும். மென்பொருள் வாயே திறக்காது.

முதலில் பழி, எழுத்துருவை மாற்றும் மென்பொருளின் மேல் போனது. அது கெடுத்திருந்தால் எல்லா ஒளியையும் ஒரே மாதிரி கெடுத்திருக்கும். இங்கே பாதி சரி, பாதி தப்பு. யாரோ உட்கார்ந்து அவசரமாகத் தட்டியிருக்கிறார்கள், மூலத்தோடு யாரும் ஒப்பிடவில்லை. நச்சரித்து வேர்டு கோப்பை வாங்கினேன். அதன் பண்புகளைத் திறந்தால், மொத்தத் திருத்த நேரம் சில நிமிடங்கள்தான் காட்டியது. கோப்போ பல பக்கம்.

அதே கோப்பில் இன்னொரு கூத்து. கௌ என்று தொடங்கும் வாடிக்கையாளர் பெயர்களைத் தேடினால் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கண்ணுக்கு முன்னால் பெயர் இருக்கிறது, தேடினால் இல்லை. கௌ எழுத்தை ஒழுங்காக அடிக்காமல், கெ அடித்துப் பக்கத்தில் ள போட்டிருந்தார்கள். பார்வைக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு பெயர். பழைய எழுத்துரு பழக்கத்தில் இந்தத் தவறு நிறைய வரும். பில் மென்பொருளில் அந்தப் பெயர்கள் கணக்கோடு சேரவே இல்லை.

"அர்த்தம் புரியுதே" என்ற சமாதானத்துக்கும் ஒரு எல்லை உண்டு. வங்கிகள் கடன் உறுதிக் கடிதத்துக்கான (வாங்குபவர் சார்பில் விற்பவருக்குப் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதி, லெட்டர் ஆஃப் கிரெடிட்) ஆவணங்களைச் சோதிக்கும்போது பின்பற்றும் ஐஎஸ்பிபி என்ற நடைமுறைத் தொகுப்பு இதை அழகாகப் பிரிக்கிறது. மெஷின் என்ற ஆங்கிலச் சொல்லில் ஒரு எழுத்து பிசகியிருந்தால் ஆவணத்தைத் தள்ளக் கூடாது. ஆனால் மாடல் 321 என்பதற்குப் பதில் 123 என்று இருந்தால் அது எழுத்துப்பிழைக் கணக்கில் வராது, முரண்பாடுதான். என் ஒலி இரண்டாவது வகை.

ஒரு எழுத்து என்று சிரிப்பவர்களுக்கு இன்னொன்று. பிரிட்டனில் 2009-இல் டெய்லர் அண்ட் சன் என்ற நிறுவனத்தை மூடும் உத்தரவை, நிறுவனப் பதிவு அலுவலகம் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற வேறொரு நிறுவனத்தின் பெயரில் பதிந்துவிட்டது. வித்தியாசம் கடைசி எஸ் மட்டும். சில நாளில் திருத்தினார்கள். அதற்குள் தகவல் பரவி, சரக்கு கொடுப்பவர்கள் கடன் தர மறுத்து, நன்றாக நடந்துகொண்டிருந்த நிறுவனம் முடங்கியது. அலுவலகத்தின் பொறுப்புதான் என்று 2015-இல் உயர் நீதிமன்றம் சொன்னது.

அதனால் யாரிடம் கொடுத்தாலும், பிடிஎப் மட்டும் தந்தால் வாங்காதீர்கள். திருத்தங்கள் தெரியும்படி ட்ராக் சேஞ்சஸோடு வேர்டு கோப்பைக் கேளுங்கள். தயங்கினால் அங்கேயே விட்டுவிடலாம். முதலில் ஒரு பக்கம் மாதிரிக்குக் கொடுங்கள். அதில் ஒலி-ஒளி மாதிரி ஒன்று, எண்ணுக்கும் எழுத்துக்கும் ஒத்துப்போகாத ஒரு தொகை, இரண்டு இடத்தில் இரண்டு விதமாக எழுதிய ஒரு பெயர் ஆகியவற்றை வேண்டுமென்றே வையுங்கள். எதையும் கேட்காமல் திருப்பிக் கொடுத்தால் அவர்கள் படிக்கவில்லை. உங்கள் ஒப்புதல் இல்லாமல் வாடிக்கையாளருக்கு நேரே அனுப்பும் உரிமையை, என்ன சலுகை சொன்னாலும், கொடுக்காதீர்கள். அப்புறம், ஒப்பந்தத்தில் "எங்கள் பொறுப்பு, பெற்ற கட்டணத்தின் அளவுக்கு மட்டும்" என்ற வரி பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும்.

எங்கள் ஒப்பந்தத்திலும் அந்த வரி இருந்தது. ஸ்பீக்கர் செலவைக் கேட்டதற்கு அதையே காட்டினார்கள். பிழை பார்த்த கட்டணத்தில் பாதி மட்டும் திரும்ப வந்தது. மீதிப் பாதியைக் கேட்டு எழுத்தில் அனுப்பியிருக்கிறேன், பதில் இல்லை.