வீடியோ ஆலோசனை: மருத்துவர் காத்ததும் செயலி கசியவிட்டதும்

சென்னையில் பல கிளைகளுடன் இயங்கும் தனியார் மருத்துவமனை ஒன்றின் வீடியோ ஆலோசனைச் செயலியைத் தோல் சிகிச்சைக்காகச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். நான் கொடுத்த புகார் இன்னும் முடிவுக்கு வராததால் பெயரைக் குறிப்பிடவில்லை. சிகிச்சையின் தரத்திலும் கட்டணத்திலும் எனக்குக் குறை எதுவும் இல்லை. நோயாளி சொல்லும் செய்தியும் காட்டும் படமும் யார் யார் கைக்குப் போகின்றன என்பதை மட்டுமே இங்கே எடுத்துக்கொள்கிறேன். அந்த வகையில், மருத்துவரோடு பேசும் நேரம் நன்றாகவே காக்கப்படுகிறது. அதற்கு முன்னும் பின்னும் நடப்பவை கவலை தருகின்றன.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அழைப்பு இணைந்ததும் திரையில் மருத்துவரின் பெயரும் மருத்துவ மன்றப் பதிவு எண்ணும் தெரிந்தன. 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள், மருந்துச் சீட்டிலும் இணையத் தொடர்பிலும் இந்த எண் இருக்க வேண்டும் என்கின்றன. மருத்துவர் என் பெயரையும் வயதையும் சரிபார்த்தபின், "பக்கத்துல யாராவது இருக்காங்களா? அவங்க இருக்கறது உங்களுக்குச் சம்மதம்தானே?" என்று கேட்டார். அவர் காதில் இயர்போன் இருந்தது. கேமராவைச் சற்றுத் திருப்பித் தன் அறைக்கதவு சாத்தியிருப்பதையும் காட்டினார். எந்த விதியும் அவரைக் கதவைக் காட்டச் சொல்லவில்லை. ஆனால் சட்டையைக் கழற்றித் தோளையும் முதுகையும் காட்ட வேண்டிய நோயாளிக்கு, மறுபக்கம் வேறு யாரும் இல்லை என்று தெரிவதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது.

படம் எடுக்கும் முறையும் பாராட்டத்தக்கது. பாதிக்கப்பட்ட இடத்தைச் செயலிக்குள் இருக்கும் கேமராவிலேயே எடுத்து அனுப்பினேன். அது போனின் கேலரியில் சேரவில்லை. கேலரியில் சேர்ந்திருந்தால் அது தானாகவே கூகுள் போட்டோஸுக்கு ஏறி, அதே கணக்கு திறந்திருக்கும் வீட்டு டேப்லெட்டிலும் வந்து நின்றிருக்கும். ஆலோசனையின்போது ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பார்த்தேன், கறுப்புத் திரைதான் விழுந்தது. இன்னொரு போனை எதிரில் வைத்துப் படம் பிடிப்பதை எந்தச் செயலியாலும் தடுக்க முடியாது என்றாலும், இந்தத் தடை இருப்பது நல்லதே.

பதிவு செய்யும் விஷயத்தில்தான் முதல் நெருடல். அழைப்புத் திரையில் "இந்த உரையாடல் பதிவு செய்யப்படவில்லை" என்று இருக்கிறது. தனியுரிமைக் கொள்கையிலோ "தர மேம்பாட்டுக்காகப் பதிவு செய்யப்படலாம்" என்று இருக்கிறது. இரண்டில் எது உண்மை என்று நோயாளிக்குத் தெரிய வேண்டாமா? ஆலோசனை நடந்ததற்கான பதிவேட்டை மருத்துவர் வைத்திருக்க வேண்டும் என்பது நெறிமுறை. அதற்காக முழு வீடியோவையும் சேமிக்க வேண்டியதில்லை. சேமித்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டனில் ஓர் உதாரணம் உண்டு. 2020 ஜூனில் அங்கே பாபிலோன் ஹெல்த் செயலியைத் திறந்த ஒருவருக்கு மற்ற நோயாளிகளின் ஆலோசனை வீடியோக்கள் தெரிந்தன. மென்பொருள் பிழை என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. அழைப்பு போகும் வழியில் யாரும் படிக்க முடியாதபடி எவ்வளவு கடினமாக மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்தாலும், சர்வரில் ஒரு பிரதி தங்கிவிட்டால் அந்தப் பிரதிக்குத் தனியாகக் காவல் வேண்டும்.

அழைப்புக்கு முன்னால் வரும் ஒப்புதல் திரையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். செயலியின் மற்ற எல்லாப் பக்கங்களும் அழகான தமிழில் இருக்க, ஒப்புதல் பக்கம் மட்டும் நீண்ட ஆங்கிலத்தில் இருக்கிறது. அதன் கடைசியில், "கூட்டாளி நிறுவனங்களுடன் தகவலைப் பகிர்ந்து சலுகைகள் பெற" என்ற பொருள்படும் கட்டத்தில் ஏற்கெனவே டிக் போடப்பட்டிருந்தது. நான் அதை எடுத்துவிட்டேன். ஆனால் அடுத்த முறை முன்பதிவு செய்தபோது டிக் தானாகத் திரும்பி வந்திருந்தது, அவசரத்தில் அப்படியே கடந்தும் போய்விட்டது. வயதான பெற்றோருக்காக முன்பதிவு செய்பவர்கள் இந்தக் கட்டத்தை ஒவ்வொரு முறையும் தேடிப் பார்ப்பார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல.

அதன் விளைவு உடனே தெரிந்தது. ஆலோசனை முடிந்த மறுநாள் காலையில் ஒரு மருந்தகத்திலிருந்து அழைத்தார்கள். எழுதிக்கொடுத்த களிம்பின் பெயரைச் சொல்லி, "சார், இது நம்மகிட்ட இருபது பர்சென்ட் தள்ளுபடியில கிடைக்கும், வீட்டுக்கே அனுப்பிடலாம்" என்றார் பேசியவர். அவர் மரியாதையாகத்தான் பேசினார், அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மருந்தின் பெயரைச் சொன்னாலே நோயை ஊகிக்கலாம். எனக்கு அது தோல் களிம்பு. இன்னொருவருக்கு அது மனச்சோர்வுக்கான மாத்திரையாகவோ எச்.ஐ.வி. மருந்தாகவோ இருக்கலாம். அமெரிக்காவில் பெட்டர்ஹெல்ப் என்ற இணைய மனநல ஆலோசனை நிறுவனம் பயனர்களின் தகவலை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுக்குக் கொடுத்ததாக எழுந்த வழக்கில் 78 லட்சம் டாலர் செலுத்த 2023இல் உடன்பட்டது. அங்கும் ஆலோசனை அழைப்பை யாரும் ஒட்டுக்கேட்கவில்லை. தகவல் நிறுவனத்தின் கையிலிருந்தே போனது.

மருந்துச் சீட்டு குறுஞ்செய்தியில் ஓர் இணைப்பாக வருகிறது. அதை வேறொரு போனில் திறந்து பார்த்தேன். கடவுச்சொல்லும் கேட்கவில்லை, ஓடிபியும் கேட்கவில்லை. பெயர், வயது, கைபேசி எண், நோயின் பெயர், மருந்துகள் என எல்லாம் அடங்கிய பிடிஎஃப் நேரே விரிந்தது. இணைப்பைப் பெற்றவர் எவராயினும் படிக்கும்படி அப்போது இருந்தது. நம் ஊரில் இந்தச் சீட்டு அங்கேயே நிற்பதும் இல்லை. பல மருந்துக் கடைகளில் தாளில் கேட்பதால், தெருமுனை ஜெராக்ஸ் கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பி அச்செடுக்கிறோம். கடையின் கம்ப்யூட்டர் திரையில் முந்தைய வாடிக்கையாளர்களின் ஆதார் நகல், ஸ்கேன் ரிப்போர்ட், மருந்துச் சீட்டு எல்லாம் வரிசையாகத் தெரியும். வாட்ஸ்அப்பின் மறையாக்கம் வழியில் காப்பாற்றுமே தவிர, போய்ச் சேர்ந்த இடத்தில் காப்பாற்றாது. அச்செடுத்ததும் உரையாடலை அழிக்கச் சொல்லி, அழிப்பதைப் பார்த்துவிட்டு வருவதே நம்மால் ஆனது. ஆனால் மருத்துவமனை தன் கிளைகளில் அச்சுப் பிரதி கொடுத்தாலே பலருக்கு இந்தச் சிக்கல் தீரும்.

வீட்டுக்குள்ளேயே ரகசியம் வேண்டுபவர்களையும் இந்தச் செயலி நினைத்துப் பார்க்கவில்லை. ஒரு போனைப் பலர் பயன்படுத்தும் வீடுகள் இங்கே ஏராளம். நினைவூட்டல் செய்தியில் துறையின் பெயர் முழுதாக வருவதால், பூட்டிய திரையிலேயே யாரும் படித்துவிடலாம். மகப்பேறு மருத்துவரையோ மனநல மருத்துவரையோ பார்க்கும் ஓர் இளம்பெண்ணுக்கு இது சின்ன விஷயம் அல்ல. "உங்கள் ஆலோசனை மாலை 6 மணிக்கு" என்று மட்டும் அனுப்பினால் போதும்.

இவற்றையெல்லாம் எழுதிக் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். 2011இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் மருத்துவப் பதிவுகளை, தனிக் கவனத்தோடு காக்க வேண்டிய நுண்ணுணர்வுத் தகவல் என்றே வகைப்படுத்துகின்றன. நிறுவனம் குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தன் இணையதளத்தில் வெளியிட்டு, ஒரு மாதத்துக்குள் குறையைத் தீர்க்க வேண்டும் என்கின்றன. பதில் வந்தது. இப்போது மருந்துச் சீட்டு இணைப்பு ஓடிபி கேட்கிறது. இந்த மாற்றத்துக்கு மனமார நன்றி. மருந்தகப் பகிர்வைப் பற்றிக் கேட்டதற்கு, "நீங்கள் ஒப்புதல் அளித்துள்ளீர்கள்" என்பதே பதில். பதிவு செய்வது பற்றிய முரண்பாட்டுக்குப் பதிலே இல்லை.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒப்புதல் கோரிக்கையைத் தமிழ் உட்பட அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகளில் படிக்க வழி இருக்க வேண்டும். ஒப்புதலைக் கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. இந்தச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வருகின்றன. ஒரு பக்கத்தைத் தமிழில் போடுவதற்கும் ஒரு டிக்கை எடுப்பதற்கும் இந்த மருத்துவமனை அதுவரை காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

மருத்துவருக்கும் அழைப்பின் பாதுகாப்புக்கும் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். செயலியின் மற்ற பகுதிக்கு இரண்டு. தோல், சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு, ஒப்புதல் கட்டத்தை ஒவ்வொரு முறையும் பார்த்து டிக்கை எடுத்துவிட்டு, இதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். மனநலம், பாலியல் நலம், மகப்பேறு ஆகிய துறைகளுக்கு, மருந்தகப் பகிர்வு நிறுத்தப்பட்டு நினைவூட்டல் செய்தியும் மாற்றப்படும் வரை, நேரில் போய்ப் பார்ப்பதையே பரிந்துரைப்பேன்.