‘ஸ்கின் கலர்’ எங்க மிஸ்? கிரயோலா ‘கலர்ஸ் ஆஃப் தி வேர்ல்ட்’ 24 நிற கிரேயான் பெட்டி: விமர்சனம்

ஒன்றாம் வகுப்பில் அம்மாவின் படத்தை வரையச் சொன்னால், தலைமுடி முடிந்த கையோடு அடுத்த கேள்வி வரும்: “ஸ்கின் கலர் எங்க மிஸ்?” பிள்ளை தேடுவது வெளிறிய பீச் நிறக் குச்சியை. வகுப்பில் அந்த நிறத்தில் ஒருவர்கூட இல்லாமல் இருக்கலாம், பெயர் மட்டும் அதற்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. நிறவெறிக்கு எதிராக ஏதாவது செய்யவேண்டும் என்றே தொடக்கப் பள்ளி வேலைக்கு வர முடிவெடுக்கிறவர்கள் உண்டு. முதல் வாரமே அவர்கள் முன்னால் வந்து நிற்கப்போவது இந்தக் குச்சிதான்.

பெயர் ஒட்டிக்கொண்டதில் அமெரிக்கக் கிரேயான் நிறுவனமான கிரயோலாவுக்கும் பங்குண்டு. அந்த நிறத்தை ‘ஃபிளெஷ்’, அதாவது ‘சதை’ என்றே விற்றுவந்தது. 1962இல்தான் ‘பீச்’ என்று மாற்றியது. 1999இல் ‘இந்தியன் ரெட்’ என்ற பெயரும் போய் ‘செஸ்ட்நட்’ ஆனது. அது உண்மையில் ஒரு நிறமியின் பெயர். ஆனால் பிள்ளைகள் அதை அமெரிக்கப் பழங்குடியினரின் தோல் நிறம் என்று எடுத்துக்கொள்கிறார்கள் என்று ஆசிரியர்கள் புகார் சொன்னார்கள், பெயர் மாறியது. 2020இல் வந்த இந்தப் பெட்டியில் 24 குச்சிகளுமே தோல் நிறங்கள். அழகுசாதனத் துறையில் முகப்பூச்சு நிறங்கள் செய்து பழகிய விக்டர் கசாலே என்பவரோடு சேர்ந்து உருவாக்கியவை. ஆல்மண்ட், கோல்டன், ரோஸ் என்று மூன்று சாயல்களில், வெளிறியதிலிருந்து ஆழ்ந்த நிறம் வரை போகின்றன.

இந்தச் சாயல் பிரிப்பில்தான் பெட்டியின் பலம். சாதாரணப் பெட்டியில் ஒரே ஒரு பழுப்பு இருக்கும், மாநிறக்காரர், கருத்தவர் எல்லோரும் அதற்குள் அடங்கியாக வேண்டும். இதில் ஒரே அளவு கருத்த இருவரில் ஒருவருக்கு மஞ்சள் ஓடுகிறது, இன்னொருவருக்குச் சிவப்பு ஓடுகிறது என்பது தாளிலேயே தெரியும்.

குச்சியைப் பார்த்து நிறத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. மெழுகுக் கிரேயான் தாளில் விழும்போது வேறு நிறமாகத் தெரியும். முதலில் ஒரு மாதிரி அட்டை செய்துகொள்ளுங்கள்: பிள்ளைகள் வரையப்போகும் அதே தாளில் 2 செ.மீ. கட்டங்கள் போட்டு, 24ஐயும் ஒரே அழுத்தத்தில் தீட்டி, கீழே பெயர் எழுதுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் கைமேல் வைத்துப் பார்க்கவேண்டும். மஞ்சள் விளக்கின் கீழே கோல்டன் எது, ஆல்மண்ட் எது என்றே பிரிக்க முடியாது. பெரும்பாலும் ஒரு குச்சி போதாது, இரண்டைக் கலந்தால்தான் பொருந்தும். வெளிறியதை லேசாகப் பூசி மேலே ஆழ்ந்ததைத் தீட்டலாம். முதல் பூச்சையே அழுத்தித் தேய்த்துவிட்டால் மெழுகு படிந்து அடுத்த நிறம் வழுக்கும். வழவழப்பான அச்சுத் தாளைவிடச் சற்றுச் சொரசொரப்பான ஓவியத் தாள் நல்லது.

வகுப்பில் கெட்டுப்போகிற இடங்களைச் சொல்லியாக வேண்டும். குச்சிகளை வெளிறியதிலிருந்து கருப்பு வரை வரிசையாக அடுக்கி நீட்டினால், ஐந்து நிமிடத்தில் பிள்ளைகளே அதே வரிசையில் நின்று யார் ‘கலர்’ என்று பார்க்க ஆரம்பிப்பார்கள். கலைத்துப் போட்டுக் கொடுங்கள். 5, 6 பேருக்கு ஒரு பெட்டி சரியாக இருக்கும். விசேஷ நாளில் மட்டும் அலமாரியிலிருந்து இறக்குவது வேண்டாம், வழக்கமான கிரேயான் டப்பாவிலேயே கிடக்கட்டும். “நீ இந்த நிறம்தான்” என்று டீச்சர் எடுத்துக் கொடுப்பது எல்லாவற்றிலும் மோசம்.

தன்னைவிட வெளிறிய குச்சியை எடுக்கிற பிள்ளை கட்டாயம் இருக்கும். இது புதிதல்ல. 1940களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதி கருப்பினக் குழந்தைகளிடம் பொம்மைச் சோதனையோடு (வெள்ளை, பழுப்பு பொம்மைகளில் எது பிடிக்கும் என்று கேட்பது) வண்ணம் தீட்டும் சோதனையும் வைத்தார்கள். முதலில் இலை, ஆப்பிள், ஆரஞ்சு, எலி ஆகியவற்றுக்கு நிறம் கொடுக்கச் சொன்னார்கள், நிறம் தெரிந்த பிள்ளைதானா என்று பார்க்க. அதன்பிறகே “உன் நிறத்தைத் தீட்டு” என்றார்கள். இலைக்குச் சரியாகப் பச்சை தீட்டிய குழந்தைகளில் சிலர் தங்களுக்கு மட்டும் வெளிறிய நிறத்தை எடுத்தார்கள். இவர்களது ஆய்வு, பள்ளிகளில் இனவாரியாகப் பிள்ளைகளைப் பிரித்துவைப்பது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன 1954இன் பிரவுன் வழக்குத் தீர்ப்பின் அடிக்குறிப்பு வரை போனது. ஆகவே அந்தக் குச்சியைக் கையிலிருந்து பிடுங்காதீர்கள், “தப்பு” என்றும் சொல்லாதீர்கள். “இதை எப்படித் தேர்ந்தெடுத்தாய்?” என்று கேட்டுவிட்டு, பதிலைக் குறித்துவைத்துக்கொள்வது போதும். பல வாரங்கள் கழித்து அதே பிள்ளையின் படத்தைத் திரும்பப் பாருங்கள்.

நம் மொழியும் கொஞ்சம் இடிக்கும். வெளுத்த தோலைச் ‘சிவப்பு’ என்றும், கருத்த பிள்ளையை ‘கருப்பா இருந்தாலும் களையா இருக்கே’ என்றும் சொல்கிற வாய், இந்தப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டும் அதையே சொல்லும். அந்த ‘இருந்தாலும்’ டீச்சர் வாயில் வந்தால் 24 நிறமும் வீண்.

குறைகளும் உண்டு. பெயர்கள் ஆங்கிலம், ஸ்பானிஷ், பிரெஞ்சில் மட்டுமே. அடுத்தடுத்த நிறங்களை ஆறு வயதுப் பிள்ளையால் பிரித்தறிவது கடினம். வகுப்புக்குப் பொருந்துகிற நாலைந்து குச்சிகள் சீக்கிரம் தேய்ந்துபோகும், மற்றவை புதிதாகவே கிடக்கும். பெட்டி கைக்கு எட்டாவிட்டால் போஸ்டர் கலரில் நீங்களே கலக்கலாம்: மஞ்சள் 4 பங்கு, சிவப்பு 2, நீலம் 1 என்று தொடங்கினால் பழுப்பு வரும். வெளிற வெள்ளை, ஆழமாக இன்னும் சிறிது நீலமும் சிவப்பும். கருப்பு சேர்த்தால் சாம்பல் பூத்துவிடும்.

இதிலேயே 32 குச்சிகள் கொண்ட பெட்டியும் உண்டு, அதில் கூடுதலாக வருவது முடிக்கு 4, கண்ணுக்கு 4. அவற்றைச் சாதாரணப் பெட்டியிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம், 24 போதும்.